அத்தை ஒத்துக்கொண்ட வாரம்

எங்கள் மாமா ஒரு வாரம் முழுக்கச் சாகப்போகிற மனுஷனாக வாழ்ந்தார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் அத்தை "சரிங்க" என்றார், அவ்வளவுதான். அதைக் கேட்டே மனுஷர் பாதி செத்துவிட்டார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவள்தான். ஆனால் அத்தையை, அதாவது என் மாமியாரை, தெரிந்தவர்கள் யாரும் இதில் மாமாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அத்தைக்கு பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. கரும்பு தின்னக் கூலியா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களோடு அத்தை மறுபடி சுமுகமாகப் பேசியதும் இல்லை. தின்பதா அது? அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். உடையும் சத்தத்தைக் கேட்பார். முகர்ந்து பார்ப்பார். ஒரு கடி மென்று, துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். பெரும்பாலும் தீர்ப்பு "இது போகாது" என்பதுதான். அதோடு விட மாட்டார், ஏன் போகாது என்று காரணமும் சொல்வார். ஓரம் வெந்திருக்கிறது, நடு இன்னும் தூங்குகிறது என்பார். மாவு பிசைந்தவனுக்கு இன்றைக்கு வீட்டில் ஏதோ சண்டை, அடித்துப் பிசைந்திருக்கிறான் என்பார். விசாரித்தால் சண்டை நடந்திருக்கும். முதலாளியே இறங்கி வந்து, இந்த ஒரு தடவை போகட்டும்மா என்று கெஞ்சினாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். கம்பெனியில் அத்தைக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். அத்தைக்கு அது தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

மாமா அதே கம்பெனியின் லாரி டிரைவர். இருவரும் முதன்முதலில் சந்தித்ததே சண்டையில்தான். சரக்கெல்லாம் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார். அத்தை கம்பெனி வாசல் கேட்டுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு இந்த லோடு போகாது என்றார். நான் டிரைவர், ஏற்றியதை ஓட்டுவதுதான் என் வேலை என்றார் மாமா. ஏற்றியது தப்பு என்றால் ஓட்டுவதும் தப்பு என்றார் அத்தை. வாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் ஓடியது. கடைசியில் சரக்கை இறக்கினார்கள். மறுநாள் மாமா தேவையே இல்லாமல் ருசி பார்க்கும் அறைக்குப் போய், நேற்று நீங்கள் சொன்னதில் ஒரு இடம் இடிக்கிறதே என்று ஆரம்பித்திருக்கிறார். கல்யாணத்தில் வந்து முடிந்தது. முடிந்தது என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது, அந்த வாதம் அதன்பிறகு நிற்கவே இல்லை.

நான் மருமகளாக வந்த புதிதில், இவர்கள் பேசுவதைக் கேட்டு இந்த வீடு இரண்டுபடப் போகிறது என்று பயந்து அம்மாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறேன். மாமா சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, பாலத்து வழியாக வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்று சும்மா ஒரு வார்த்தை போடுவார். எந்தப் பாலம், எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலுமா, போன மாதம் நீங்களே வேறு மாதிரி சொன்னீர்களே என்று அத்தை பிடித்துக்கொள்வார். டீ ஆறும், மறுபடி சுட வைப்பேன், மறுபடி ஆறும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நிற்பார்கள். படுக்கப் போகும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண விருந்து சாப்பிட்டவர் மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் அம்மாவுக்குப் போன் போடுவதை நிறுத்தினேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் லைக் வந்து புகுந்தது.

கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் பெண்கள் அத்தையின் போனில், படம் போட்டு லைக் வாங்குகிற கணக்கு ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்தார்கள். அத்தை முதலில் அங்கேயும் எதிர்க்கட்சியாகத்தான் நுழைந்தார். எதிர்வீட்டு டீச்சர் தான் செய்த கேக்கைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதன் கீழே அத்தை, நடுவில் வேகவில்லை, படத்திலேயே தெரிகிறது, அடுத்த முறை சூட்டைக் குறைத்து அதிக நேரம் வையுங்கள் என்று அக்கறையோடு எழுதினார். அதற்கு ஒரு லைக் கூட இல்லை. டீச்சர் மட்டும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். இன்னும் நாலைந்து இடத்தில் அத்தை இப்படி உண்மையைச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவியைப் படம் எடுத்து, "இந்த நாள் இனிய நாள்" என்று எழுதிப் போட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் லைக் கொட்டிக் கிடக்கிறது. கட்டைவிரல், இதயம், பூ. முன்பின் தெரியாதவர்கள். ஏதோ நாட்டில் பனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். கம்பெனி முதலாளியின் மனைவி. எதிர்வீட்டு டீச்சர் கூட.

அத்தை ஈரத்தலையோடு என்னிடம் ஓடி வந்து போனை நீட்டினார். அவர் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் கேட்டதில்லை.

"ஏம்மா, நான் பொழைக்க வந்த நாள்ல இருந்து எல்லார் செஞ்சதையும் வேண்டாம்னு சொல்றதுதான் வேலை. என்னை யாரு நல்லாருக்குன்னு சொன்னா? இன்னிக்கு இத்தனை பேரு சொல்றாங்க பாரு."

அன்றைக்கு நானும் ஒரு இதயம் போட்டேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

அதன்பிறகு அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. குருவி, குருவியின் ஜோடி, மழைத்துளி நிற்கும் இலை, வானம், மறுபடி குருவி. ஒவ்வொன்றோடும் ஒரு பொன்மொழி. லைக் ஏற ஏற அத்தையின் பேச்சு இனித்தது, இனிக்க இனிக்கக் குட்டையானது. பதிலுக்குப் பதில் லைக் போட வேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் நமக்கு வராதே. ஆகவே சாயங்காலம் முழுக்க அத்தையின் கட்டைவிரல் ஊருக்கெல்லாம் சரி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் வீட்டுக்கும் சொல்ல ஆரம்பித்தது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா அத்தை என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்காமல் நிஜக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். உப்பே போடவில்லை அத்தை என்றேன் ஒரு நாள். அதற்கும் கட்டைவிரல். உள் அறையில் இருக்கும் என் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர் போனில் ஒரு இதயம் அனுப்புவார். வருகிறார் என்று அர்த்தமா, வரவில்லை என்று அர்த்தமா? ஆறிய சாதத்தின் முன்னால் உட்கார்ந்து நான் பொருள் தேடிக்கொண்டிருப்பேன். பெற்றவளுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

நினைப்பும் மாறிப்போனது. மழை பெய்தால் முன்பெல்லாம் துணி எடுக்க ஓடுகிறவர், இப்போது ஜன்னலில் நின்று இதற்கு என்ன எழுதலாம் என்று யோசிப்பார். ஒரு வாக்கியம் பேசிவிட்டு, கைதட்டுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நம் முகத்தைப் பார்ப்பார். கம்பெனியில் மட்டும் அத்தை பழைய அத்தைதான். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மாமாவைக் குழப்பியது இதுதான்.

அந்தச் சமயம் பார்த்து மாமாவின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. உடம்பைக் காட்டிச் சான்று வாங்க டாக்டரிடம் போனார், அத்தையும் கூடப் போனார். சோதனை முடிந்து மாமா திரைக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இடுக்கு வழியே பார்த்தால், டாக்டர் அத்தையிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார். அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார். அத்தை கண்ணைத் துடைக்கிறார். மாமா வெளியே வந்ததும் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, எல்லாம் நல்லா இருக்கு என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

வீடு திரும்பும் வழியில், பாலத்து வழியாகப் போவோமா என்று கேட்டார் மாமா. வழக்கமான தூண்டில்தான். அத்தை போனைப் பார்த்தபடியே, "உங்க இஷ்டம்ங்க" என்றார்.

டாக்டர் ஏதோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறார் என்று மாமாவுக்கு அப்போதே பட்டுவிட்டதாம். பிறகு அவரே என்னிடம் சொன்னது.

அன்று சாயங்காலமே அவர் சோதனையைத் தொடங்கிவிட்டார். டீயில் சர்க்கரை போடுவது உடம்புக்கு நல்லது என்றார். சரிங்க. லாரி ஓட்டுவதைவிட விமானம் ஓட்டுவது சுலபம் என்றார். இருக்கும்ங்க. அவருடைய அக்கா ரொம்ப நல்ல குணம் என்று துணிந்து அடித்தார். அத்தையும் அந்த அக்காவும் ஒரே பந்தலில் நிற்காதவர்கள். "ஆமாங்க, தங்கமானவங்க" என்றார் அத்தை. மாமா பேயறைந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை. பிஸ்கட்டைக் குளியலறையில் வெந்நீர் வாளிக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக நமுக்க விட்டு, தட்டில் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினார் மாமா. வளைத்தால் வளையும், உடையாது, அப்படி ஒரு பிஸ்கட். அத்தை ஒரு கையில் போனோடு வாங்கி, மென்று, விழுங்கினார். விழுங்கினார்! "நல்லா இருக்குங்க" என்றார்.

மாமா தட்டோடு சமையலறைக்கு வந்து என் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டபோதும் பிஸ்கட் விஷயத்தில் பொய் சொல்லாதவள். இன்று காலையில் கூட ஒரு லோடையே திருப்பியவள். என்னிடம் மட்டும் சொல்கிறாள் என்றால் அது இரக்கம்தான் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இல்லை மாமா, அத்தை போனில் இருக்கிறார், நீங்கள் கல்லைக் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பார் என்றேன். பாவம், உன்னிடமும் மறைத்துவிட்டார்கள் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சாகத் துணிந்தவருக்குச் செய்ய எவ்வளவு வேலை இருக்கிறது என்று அந்த வாரம்தான் கண்டேன். தண்ணீர்க் குழாயை எங்கே அடைப்பது, மெயின் சுவிட்ச் எது, ஏணியின் எந்தப் படி ஆடும், எல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். லாரியைக் கழுவித் துடைத்து, அதன் மூக்கில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். கடன் கேட்டுவிடுவாரோ என்று இவ்வளவு நாள் தவிர்த்துவந்த சலூன்காரரைப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். மிரண்டுபோன சலூன்காரர் அவருக்கு இலவசமாக முகச்சவரம் செய்துவிட்டார். வாசல் கதவுக்குக் கிளிப்பச்சை அடிக்க வேண்டும் என்பது மாமாவின் வாழ்நாள் ஆசை, வீடு கட்டிய நாளிலிருந்து அத்தை மறுத்துவந்தது. அதையும் கேட்டார். "உங்களுக்குப் பிடிச்சா சரிங்க." பெயின்ட் டப்பாவோடு வாசலில் நின்று, ஆசைப்பட்ட பச்சையை அழுதுகொண்டே அடித்தார். அடித்து முடித்ததும் நான் பார்த்தேன். ஆண்டவனே, அத்தை இத்தனை வருஷம் சரியாகத்தான் மறுத்திருக்கிறார்.

கடைசியில் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். "உறவுகள் அனைவருக்கும். தெரிந்தோ தெரியாமலோ யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். இருக்கிற கொஞ்ச நாளில் அன்போடு இருப்போம்." அந்தக் குழுவின் சத்தத்தை நான் எப்போதோ அடைத்துவைத்துவிட்டதால் எனக்கு அது தெரியாது. சொந்தம் முழுக்கப் பார்த்தது. இதயம் வந்தது, கும்பிட்ட கை வந்தது, கட்டைவிரல் வரிசை கட்டி வந்தது. அக்காவும் போட்டார். என் கணவர், பெற்ற பிள்ளை, பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு இதயம் போட்டார். அத்தை இரண்டு. என்ன ஆச்சு என்று ஒரு ஜீவன் கூடக் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும்தான் மறைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து குருவிக்கு வந்த லைக்குகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மாமா குளித்து, வெளுத்த சட்டை போட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோக நினைத்தேன், நீயும் இரும்மா என்று கையைக் காட்டினார்.

"நான் போனப்புறம் நீ தனியா இருக்கக் கூடாது. பையனோடயே இரு. வேலைய விட்டுடாத."

"சரிங்க."

"ரொம்ப நாள் அழுதுட்டு இருக்காத."

"சரிங்க," என்று அத்தை இன்னொரு இதயத்தை அழுத்தினார்.

மாமாவின் முகம் சிவந்து, லாரி ஹாரன் மாதிரி ஒரு குரல் வந்தது. ஜன்னலில் இருந்த குருவி பறந்துபோனது.

"சரியா? நான் செத்துப்போறேன்னு சொல்றேன், அதுக்கும் சரியா?"

அத்தை தலை தூக்கினார். அந்த வாரத்தில் முதன்முறையாக மாமாவின் முகத்தை முழுசாகப் பார்த்தார்.

"யாரு சாகறது?"

"நான்தான். டாக்டர் உன் கையப் பிடிச்சுச் சொன்னாரே, பாத்தேன்."

அத்தை போனைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த டாக்டருக்கு அம்மா செத்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். தினமும் காலையில் அத்தையின் குருவியைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாராம். அதைத்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். நோயாளி வந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாராம். உங்களுக்குக் குதிரை மாதிரி உடம்பு, ஒரு மண்ணும் இல்லை என்றார் அத்தை. இருக்கிறது என்றார் மாமா. இல்லை. இருக்கிறது, நீ மறைக்கிறாய். அவர் சாகப்போகிறார் என்று அவரும், இல்லை என்று இவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு கத்தினார்கள். மாமா சாட்சிகளை அடுக்கினார், பாலத்து வழி, விமானம், அக்கா, பிஸ்கட், கதவு. கதவு என்றதும் அத்தை எழுந்து போய் வாசலைப் பார்த்தார். வெளியிலிருந்து ஒரு அலறல் கேட்டது. பெயின்ட் அடித்த நாளிலிருந்து அவர் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு என் கணவர் உள்ளே இருந்து ஓடி வந்து, என்ன ஆச்சு என்று ஒருவழியாகக் கேட்டார்.

அத்தை திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. கோபத்தாலா அழுகையாலா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"நாலு நாள் நல்ல வார்த்தை சொன்னா உங்களுக்குச் சாவு வந்துடுச்சுன்னு அர்த்தமா? அவ்வளவு மோசமாவா பேசியிருக்கேன் இத்தனை வருஷமா?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"மோசமா இல்ல. நீ மறுத்துப் பேசணும்னா நான் சொன்னத முழுசாக் கேட்டாகணும். சரின்னு சொல்றதுக்குக் கேக்கவே வேண்டாம். ஒரு வாரமா நான் சொன்னத யாரும் கேக்கல."

நாங்கள் மூன்று பேரும் அத்தையின் வாயையே பார்த்தோம். மனுஷர் சொன்னது அவ்வளவு உண்மை. இதற்கு எந்தப் பெண்டாட்டியும் ஆமாம் என்றுதான் சொல்வாள். அத்தையும் சொல்லிவிடுவாரோ என்று மாமாவின் முகத்தில் பயம் ஓடியது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"அது தப்பு. காதுலயே வாங்காம மறுத்துப் பேசறவங்களும் இருக்காங்க. உங்க அக்காவையே எடுத்துக்குங்க."

அக்காவை எப்படிச் சொல்லலாம் என்று மாமா ஆரம்பித்தார். ஏன் சொல்லக் கூடாது என்றார் அத்தை. நான் டீயைச் சுட வைத்துக்கொண்டு வந்தபோது அவர்கள் அக்காவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, எங்கேயோ போயிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய மாமா விடாமல் எதிர்வாதம் செய்துகொண்டிருந்தார்.